அப்பாவுக்கு 66 வயது, உழவாரப் பணிக்கு அனுப்பலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு மகள். அப்பா மேசை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு வருடமாக, மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு குழுவோடு சேர்ந்து பழைய சிவன் கோயில்களில் உழவாரப் பணி, அதாவது புல் புதர் செதுக்கிக் கோயிலைத் துப்புரவு செய்யும் தொண்டு, செய்கிறார். போன மாதம் குத்துக்காலிட்டுப் புல் செதுக்கிக்கொண்டிருந்தவர், எழுந்தபோது கண் இருட்டி மதில் ஓரமாகச் சாய்ந்துவிட்டார். வீட்டில் எல்லோரும் "போதும்ப்பா" என்கிறார்கள். அவரோ "அப்பர் சுவாமி 81 வயது வரை செய்தாரே" என்கிறார். நிறுத்துவதா, விடுவதா?

எனக்கு 69 வயது. 23 வருடமாக இந்தப் பணியில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. நான் மருத்துவன் இல்லை. மருந்து பற்றிக் கீழே நான் சொல்வதையெல்லாம் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். என் பதில் இதுதான்: அப்பாவை நிறுத்தாதீர்கள். ஆனால் இப்போது போகிற மாதிரி அனுப்பவும் செய்யாதீர்கள்.

அவர் மயங்கியதற்கு வயதை மட்டும் காரணம் சொல்ல முடியாது. மாதத்தில் 29 நாள் மின்விசிறிக்குக் கீழே இருக்கிற உடம்பை, முப்பதாவது நாள் கடப்பாறையோடு வெயிலில் நிறுத்துகிறோம். எங்கள் ஊர்ப் பக்கம் 70 வயதிலும் களை எடுக்கிற பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் நம்மைவிட உறுதியானவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் தினமும் வெயிலில் இருக்கிறார்கள் என்பதே பெரிய வித்தியாசம். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பு குறைவாகப் போகும், இதயமும் அவ்வளவு படபடக்காது. வெயிலை விட்டு ஒரு வாரம், பத்து நாள் தள்ளியிருந்தால் அந்தப் பழக்கம் கரையத் தொடங்கிவிடும். ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். ஆக, மாதம் ஒரு நாள் வருகிற தொண்டர் 20 வருடம் வந்தாலும் ஒவ்வொரு முறையும் புதிய ஆள்தான். இளைஞர்களுக்கும் இதே கதைதான். ஆனால் வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சி மழுங்கியிருக்கும், வியர்வையும் குறைவு, அதனால் அடி முதலில் அவர்கள் மேல் விழுகிறது.

அதனால் முதல் வேலை வீட்டில்தான் தொடங்குகிறது. பணி நாளுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து தினமும் காலை எட்டு, எட்டரை வாக்கில் அப்பா வெளியில் இருக்கட்டும். முதல் நாள் 20 நிமிடம். போகப் போக ஒரு மணி நேரம் வரை. சும்மா நடப்பதைவிடத் தோட்டத்திலோ தெருவோரத்திலோ மண்வெட்டியைப் பிடிப்பது நல்லது. உள்ளங்கையும் பழகும், இடுப்பும் பழகும். நடக்கும்போது மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்குவது என்று ஏதாவது வந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். மூச்சு வாங்குவதும் வியர்த்துக் கொட்டுவதும் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். கோயிலில் போய்த் தெரிவதைவிட வீட்டுத் தெருவில் தெரிந்துகொள்வது மேல்.

அப்புறம் மாத்திரை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுப்பவற்றில் சில, சிறுநீரைக் கூட்டி உடம்பின் நீரை இறக்குபவை. அட்டினோலால், மெட்டோபுரோலால் போன்றவை இதயத் துடிப்பை அடக்கி வைக்கும். இவற்றைச் சாப்பிடுகிறவர் வெயிலில் குத்துக்காலிட்டு அரை மணி நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலிலேயே தங்கிக் கண் இருட்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் அப்பாவுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். சர்க்கரை மாத்திரையையும் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்குவது அரிது. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, "பணி முடித்துத்தான் சாப்பிடுவேன்" என்று விரதமும் இருந்தால் ஆபத்து நிச்சயம். எங்கள் குழுவில் வெறும் வயிற்றோடு யாரையும் மண்வெட்டி தொட விடுவதில்லை. ஆறு மணிக்கு இட்லி, அதற்குப் பிறகுதான் பதிகம், அதற்குப் பிறகு வேலை. வரிசை மாறிவிட்டது என்று ஆரம்பத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். "மாதம் ஒரு நாள் ஐந்து மணி நேரம் வெயிலில் உடல் வேலை செய்கிறார், அன்றைக்கு எப்படி எடுத்துக்கொள்வது?" என்று இதே வார்த்தையில் மருத்துவரிடம் கேளுங்கள். "கோயிலுக்குப் போகிறார்" என்று சொன்னால் அவர் சாமி கும்பிடப் போவதாக நினைத்துக்கொள்வார்.

தண்ணீர் விஷயத்தில் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்று உண்டு. நாங்கள் போகிற கோயில்களில் பலவற்றில் கழிப்பறை கிடையாது. புராஸ்டேட் தொந்தரவு உள்ள ஆண்களும், பெண்கள் அநேகமாக எல்லோரும், "அங்கே போய் எங்கே ஒதுங்குவது" என்ற கவலையில் முந்தின நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். கூச்சத்தில் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். எனக்கு இது புரியவே ஆறேழு வருடம் ஆயிற்று. அதன் பிறகு கோயிலைப் பார்க்க முதல் முறை போகும்போதே பக்கத்து வீடுகளில் பேசி, பள்ளிக்கூடத்தில் பேசி, ஒரு கழிப்பறைக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் தேதி குறிப்போம். இந்த ஒரு ஏற்பாட்டுக்குப் பிறகு தலைவலி, மயக்கம் என்று உட்காருகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். உங்கள் அப்பாவின் குழுவில் இதைக் கேளுங்கள். அவர் கேட்க மாட்டார், நீங்கள் கேளுங்கள்.

வேலை நேரத்தில் தாகத்துக்குக் காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் என்று கணக்கு வைத்துக் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்றால் அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், அரைத் தண்ணீர் என்று கண்ணளவு கூடாது. இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் நீர், உப்பு இரண்டின் அளவையும் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். சர்க்கரைக்காரர்கள் பானகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு வெல்லக் கட்டியை மட்டும் இடுப்பில் முடிந்துகொள்ளட்டும். கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்தால் வாயில் போட.

ஒரு வைகாசி மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பிரகாரத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார் எங்கள் குழுவின் 71 வயது ஐயா ஒருவர். பதினொன்றரை மணி இருக்கும். "ஐயா, அந்த அரிவாளை எடுங்க" என்றேன். அவர் பக்கத்தில் கிடந்த பாண்டை, அதாவது மண் அள்ளும் சட்டியை, எடுத்து நீட்டினார். சரி, காதில் விழவில்லை போல என்று நானே போய் எடுத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால், கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டுகிறார். தரையில் ஒரு சருகு இல்லை. ஈர்க்குமாறு கல்லில் உரசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னைப் பார்த்தார், ஆனால் யாரென்று தெரியாத பார்வை. கையைத் தொட்டால் அடுப்பின் பக்கத்தில் வைத்த பாத்திரம் மாதிரி கொதிக்கிறது. வியர்வை இருந்தது. வெப்பத் தாக்கு என்றால் வியர்வை நின்று தோல் காய்ந்திருக்கும் என்று அதுவரை நம்பியிருந்தேன். வேலை செய்யும்போது வருகிற தாக்கில் பெரும்பாலும் வியர்த்துக்கொண்டேதான் இருக்கும். புத்தி தடுமாறுவதுதான் அடையாளம். மகிழ மரத்து நிழலில் படுக்க வைத்து, கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாகத் தலையிலிருந்து கால் வரை ஊற்றினோம். நனைத்த வேட்டியைப் போர்த்தி இரண்டு பேர் தாம்பாளத்தால் விசிறினார்கள். தடுமாற்றத்தில் இருந்ததால் வாயில் எதையும் ஊற்றவில்லை, புரையேறிவிடும். 108 வண்டி வரும் வரை ஊற்றுவதை நிறுத்தவில்லை. முதலில் உடம்பைக் குளிர்விக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். அவர் பிழைத்துக்கொண்டார். முதல் தடவை பாண்டை நீட்டியபோதே நான் கவனித்திருக்க வேண்டும் என்பது இன்னும் மனதில் குத்துகிறது.

அன்றிலிருந்து எங்களுக்கு இரண்டு கட்டுப்பாடு. பங்குனி முதல் ஆவணி வரை காலை பத்து மணிக்குக் கருவிகள் கீழே வைக்கப்பட வேண்டும். மீதி வேலை இருந்தால் வெயில் தாழ்ந்த பிறகு. அடுத்தது, 60 தாண்டியவர்கள் தனியாக ஒரு மூலையில் வேலை செய்யக் கூடாது. இரண்டு இரண்டு பேராகத்தான். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை செய்தால் தடுமாற்றம் உடனே தெரிந்துவிடும்.

பாதத்தைப் பற்றி எழுதாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. கோயிலுக்குள் செருப்புப் போட மாட்டோம். சரி. ஆனால் சர்க்கரையால் உணர்ச்சி மரத்த கால், பத்து மணி வெயிலில் கருங்கல் தளத்தில் கொப்புளித்துப்போனாலும் அவருக்குத் தெரியாது. சீமைக் கருவேல முள் ஏறி நுனி உள்ளேயே முறிந்துவிட்டால் அதுவும் தெரியாது. ஒரு வாரம் கழித்துச் சீழ் வைத்த பிறகுதான் மகளோ மனைவியோ பார்ப்பார்கள். கால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மதிலுக்கு வெளியே, பூட்ஸ் போட்டுக்கொண்டு செய்கிற வேலையை மட்டும் கொடுங்கள். வெளிப்பக்கப் புதரும் வாய்க்கால் அடைப்பும் எந்தக் கோயிலிலும் குறைவில்லாமல் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அன்று இரவே உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. தடுப்பூசி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள், பலருக்கு நினைவே இருக்காது.

செடிகளைப் பொறுத்தவரை எருக்கை வெட்டும்போது பால் கண்ணில் தெறித்தால் பெரிய வலி இருக்காது, பார்வை மட்டும் மங்கும். வலி இல்லையே என்று விடாமல் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். பார்த்தீனியம் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அரளியை வெட்டினால் எரிக்காதீர்கள், புகையே நஞ்சு. பாம்பு உண்டு, பயப்பட ஒன்றுமில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாமல் முதலில் கம்பால் தட்டினால் போதும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கை காலை அசைக்காமல் வைத்து, நஞ்சுமுறி மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

அவர் பைஃபோகல் கண்ணாடி போட்டிருக்கிறாரா? போட்டிருந்தால் திருக்குளப் படியில் இறங்க வேண்டாம். கீழே பார்க்கும்போது படிக்கிற பகுதி வழியாகத்தான் பார்ப்பார், படி விளிம்பு மங்கித் தெரியும், மேலே பாசி வேறு. இடுப்பெலும்பு முறிந்தவர்கள் இரண்டு பேரை நான் பார்த்திருக்கிறேன். இருவருமே தூர் வாரும்போது விழவில்லை, முடித்துவிட்டு மேலே ஏறும்போது விழுந்தவர்கள். வயதானவர்கள் கரையில் நின்று பாண்டு கைமாற்றும் வரிசையில் இருக்கலாம்.

கருவி பற்றி எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அப்பர் சிலையை நன்றாகப் பாருங்கள். தோளில் சாய்ந்திருக்கும் உழவாரம் நீளக் காம்பு உடையது. நின்றபடியே முன்னால் தள்ளிப் புல்லை வேரோடு செதுக்குகிற கருவி. நாம் என்னவோ குத்துக்காலிட்டுக் களைக்கொத்தால் கொத்துவதுதான் உழவாரப் பணி என்று ஆக்கிவைத்திருக்கிறோம். பக்கத்துக் கொல்லுப்பட்டறையில் ஓரடி அகலத் தகடு அடித்து, அப்பாவின் நெஞ்சு உயரத்துக்குக் காம்பு போட்டுக் கொடுங்கள். முட்டியும் பிழைக்கும், எழும்போது கண்ணும் இருட்டாது. உட்கார்ந்தே செய்ய வேண்டிய இடத்தில் ஒரு மனைக்கட்டையோ மடித்த சாக்கோ போட்டுக்கொள்ளட்டும். பாண்டில் பாதிதான் மண் அள்ள வேண்டும். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். குடலிறக்கம் உள்ளவர்கள் கல் தூக்கும் பக்கமே போக வேண்டாம்.

இப்போது அந்த 81 வயது விவாதத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பணிக்கு முன்னோடியே ஒரு முதியவர்தான். ஞானசம்பந்தர் அவரை "அப்பரே" என்று அழைத்ததால்தான் அந்தப் பெயரே வந்தது. கடைசிக் காலத்திலும் திருப்புகலூரில் உழவாரத்தோடுதான் இருந்தார். செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தபோது, பருக்கைக் கல்லோடு சேர்த்து அதையும் வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம். ஆனால் அதே பெரியபுராணத்தில் கயிலைப் பயணமும் இருக்கிறது. கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, புரண்டு போனார். அப்போது இறைவனே முனிவர் வடிவில் வந்து திரும்பிப் போகச் சொன்னார். அவர் கேட்கவில்லை. அதற்காக அந்த உடம்பைத் தேயவிட்டு வேடிக்கை பார்க்கவில்லை இறைவன். பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றில் எழ வைத்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் காட்டினார். அப்பாவிடம் இதைப் பேசிப் பாருங்கள். எங்கள் குழுவில் பிடிவாதம் பிடித்த இரண்டு பெரியவர்கள் இந்த ஒரு பேச்சில் இறங்கி வந்தார்கள்.

தண்டியடிகளையும் நினைத்துக்கொள்கிறேன். அவரும் ஒரு நாயனார், கண் தெரியாதவர். திருவாரூர்க் குளத்தைத் தோண்டக் குழியில் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டு, நடுவில் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். தன் உடம்பால் எது முடியாது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதற்கு ஏற்ற கயிற்றை முதலில் கட்டிவிட்டுத்தான் கூடையை எடுத்தார். நான் மேலே சொன்ன இட்லி, கழிப்பறை, நீளக் காம்பு எல்லாம் எனக்கு அந்தக் கயிறுதான்.

பெரியவர்களை நிழலில் உட்காரச் சொன்னால் மனம் வாடிவிடும். நிழலில் செய்ய வேண்டிய வேலையைக் கொடுங்கள். அது சும்மா ஒப்புக்குக் கொடுக்கிற வேலையாக இருந்தால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சிலைகளை அரிசி மாவு தேய்த்துத் துடைப்பது பொறுமைசாலிகளுக்கான வேலை. இளைஞன் கையில் கொடுத்தால் கம்பித் தேய்ப்பானை எடுத்துவிடுவான். கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று மதில் முழுக்கப் பார்த்துக் குறித்து வைத்து, அதன் மேல் சுண்ணாம்போ அமிலமோ படாமல் காவல் இருப்பது இன்னொன்று. விமானத்தின் கல் இடுக்கில் முளைத்த அரசஞ்செடியைப் பிடுங்கினால் கல்லே பெயர்ந்துவிடும் என்பதைச் சொல்லித் தடுக்க அங்கே ஒரு பெரியவர் வேண்டும். அறநிலையத் துறை அனுமதி வாங்க அலைவது, தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிற கோயிலா என்று பார்ப்பது எல்லாம் அலுவலக அனுபவம் உள்ளவர்களால்தான் ஒழுங்காக நடக்கும். உங்கள் அப்பா மேசை வேலை பார்த்தவர் என்றால் எந்தக் குழுவும் அவரைக் கொண்டாடும்.

வெப்பத் தாக்கிலிருந்து மீண்ட ஐயா மூன்று மாதம் கழித்து வந்தார். கூடவே ஒரு சாணைக்கல் கொண்டுவந்தார். காலை ஆறரைக்கு மகிழ மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு அரிவாளாகத் தீட்டிக் கொடுப்பார். மழுங்கிய கருவியோடு வேலை செய்தால் இரண்டு மடங்கு மூச்சு வாங்கும் என்பது அவர் தீட்டத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. வெயில் ஏறுவதற்கு முன் ஒரு மணி நேரம் நீளக் காம்பு உழவாரத்தையும் பிடிப்பார். 78 வயது வரை வந்தார்.

அடுத்த பணி நாளில் நீங்களும் அப்பாவோடு போய் வாருங்கள். காலையில் அவர் பக்கத்திலேயே நின்று, பாண்டின் ஒரு காதை அவர் பிடிக்கட்டும், மறு காதை நீங்கள் பிடியுங்கள். எவ்வளவு கனம், எத்தனை நடைக்குப் பிறகு அவர் மூச்சு மாறுகிறது என்பது உங்கள் கைக்கே தெரிந்துவிடும். அதைக் குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.